ஒரு சாவியும் 32 சேர்வர்களும்: மருதமுனைக் கடையொன்றின் கிளவுட் கணக்கில் நடந்தது

வெள்ளிக்கிழமை பகல் 1.10. கல்லடியில் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரம், மருதமுனையிலிருந்து கடைக்காரக் காக்கா (அண்ணன்) தொலைபேசி எடுத்தார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்த கையோடு பேசுகிறார்.

“தம்பி, கட்டாரில இருந்து பொடியன் கதைச்சான். நம்மட அமேசன் கணக்குக்குள்ள ஆரோ பூந்துட்டாங்களாம். கடை இரிக்கா, இல்லையா? முதல்ல அதச் சொல்லுங்க.”

கடை இருந்தது. இணையத்தளம் திறந்தது, ஓடர்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அதே கணக்கில், எங்களில் யாரும் எழுப்பாத 32 சேர்வர்கள் (அமேசனிடம் வாடகைக்கு எடுக்கும் கிளவுட் கணினிகள்) முந்தின இரவிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. நோன்பு தொடங்க ஒரு வாரம்தான் பாக்கி. வருடத்தில் கடைக்கு அதிக வேலை வரும் காலம் அது.

காக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். இலங்கையின் கிழக்கில் இப்போது அரிசி ஆலையும் அறுகம்பை விடுதியும் கணக்கு வழக்கை கிளவுடில் வைத்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் பொடியன்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

பின்னணி

கடையில் விற்பது மருதமுனைத் தறிகளில் நெய்த சாரமும் சேலையும். ஆறு வருடத்துக்கு முன் காக்காவின் மருமகன் முறையான ஒரு பொடியன் இணையத்தளம் ஒன்றைச் செய்து, அமேசன் வெப் சேர்விசஸில் கணக்குத் திறந்து, மும்பையில் ஒரு சின்ன சேர்வரில் ஏற்றினார். கணக்கைத் திறந்தது அவருடைய சொந்த மின்னஞ்சலில். தொலைபேசி இலக்கமும் அவருடையது. வங்கி அட்டை மட்டும் காக்காவுடையது. பிறகு வேலை கிடைத்து அவர் டோஹா போனார். இலங்கை சிம் காலாவதியானது. கணக்கு அப்படியே கிடந்தது.

நான் ஒரு வருடமாகத்தான் அந்தச் சேர்வரைப் பார்க்கிறேன். எனக்குத் தந்திருந்தது சேர்வருக்குள் நுழையும் வழி மட்டும். கணக்கின் மேல் எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையத்தளத்தின் அமைப்புக் கோப்பில் ஒரு ஆக்ஸஸ் கீ (நிரல்கள் கணக்குக்குள் நுழையக் காட்டும் சாவி) இருப்பதையும், அது கணக்கையே ஆளும் முழு அதிகாரச் சாவி என்பதையும் வந்த முதல் மாதமே கண்டேன். “பிறகு மாற்றுவோம்” என்று குறித்து வைத்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை.

அந்தச் சாவியின் வேலை என்ன தெரியுமா? புது சாரத்தின் படத்தைச் சேமிப்பகத்தில் போடுவது. அவ்வளவுதான். அதற்குக் கொடுத்திருந்ததோ, ஆளை உருவாக்கலாம், சேர்வர் எழுப்பலாம், எல்லாவற்றையும் அழிக்கலாம் என்ற அதிகாரம். கடைக்கு முன்னால் படம் மாட்ட வருகிறவரிடம் வீடு, கடை, அலுமாரி, காணி உறுதி எல்லாவற்றின் சாவியையும் ஒரே வளையத்தில் கொடுத்தது போல.

அன்று பகல்

ரூட் கணக்குக்குள், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள மூல உரிமையாளர் நுழைவுக்குள், போக வழி ஒன்றே இருந்தது: டோஹாத் தம்பியின் மின்னஞ்சல். நல்லவேளையாக அங்கே வெள்ளி விடுமுறை. வட்ஸ்அப் வீடியோவில் அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். பாஸ்வேர்டை மாற்றக் கேட்டு, அவருக்கு வந்த இணைப்பை அவர் அனுப்ப, நான் திறந்தேன். உள்ளே போனதும் இரண்டாம் படிக் காப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் போன் அல்லது கருவியால் செய்யும் உறுதிப்படுத்தல்) பதியச் சொல்லித் திரை கேட்டது. தனிக் கணக்குகளின் ரூட்டுக்கு அமேசன் இதை 2024 ஜூனில் இருந்து கட்டாயமாக்கி வருகிறது. இந்த ரூட்டில் இரண்டு வருடத்துக்கும் மேலாக யாரும் நுழையாததால் அந்தக் கேள்வியே எங்களை எட்டவில்லை.

அமேசன் அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சல் அவருடைய பெட்டியில் காலையிலிருந்தே கிடந்தது. லீவு நாள் என்று பிந்தி எழும்பியவர் தற்செயலாகப் பார்த்ததால்தான் எங்களுக்கு 1.10க்காவது தெரிந்தது. வேலை நாளாக இருந்தால் இரவுதான் பார்த்திருப்பார்.

நான் செய்த முதல் வேலை சரி: அந்தச் சாவியைச் செயலிழக்க வைத்தேன். அழிக்கவில்லை. அழித்தால் அது யாருடையது, எப்போது பயன்பட்டது என்ற தடம் தேடுவது சிரமமாகிவிடும்.

இரண்டாவது வேலையில் பிழை விட்டேன். அமேசனின் சேர்வர் மையப்பகுதிகளை (ஊர் என்றே சொல்கிறேன்) ஒவ்வொன்றாகத்தான் திறந்து பார்க்க வேண்டும். வேர்ஜீனியாவைத் திறந்தால் 2 பெரிய சேர்வர்கள். ஆத்திரத்தில் இரண்டையும் அழித்தேன். “நிறுத்தப்படுகிறது” என்று வந்தது. அடுத்த ஊருக்குப் போனேன், அங்கேயும் 2. அழித்தேன். மூன்றாவது ஊர், நான்காவது ஊர். திரும்ப வேர்ஜீனியாவுக்கு வந்து பார்த்தால், புதிதாக 2 சேர்வர்கள் பச்சை விளக்கோடு நிற்கின்றன. தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாவி செத்துவிட்டது, பிறகு யார் எழுப்புகிறார்? கை நடுங்கியது, உண்மையாகவே.

யாரும் எழுப்பவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஓட்டோ ஸ்கேலிங் குழு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கூட்டம் கூடினால் சேர்வரைக் கூட்டவும், ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்பவும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட வசதி அது. “எப்போதும் 2 இருக்கவேண்டும்” என்று எழுதி வைத்தால், நான் அழிக்க அழிக்க அது எழுப்பிக்கொண்டே இருக்கும்.

அப்புறம்தான் நின்று யோசித்தேன். தண்ணீரை இறைப்பதற்கு முன் மடையை அடைக்க வேண்டும். கணக்கைப் பயன்படுத்த அனுமதி பெற்ற ஆட்கள் பட்டியலைத் திறந்தேன். எங்களுடையது ஒன்று. பக்கத்தில் ‘பேக்கப் சேர்விஸ்’ என்ற பெயரில் இன்னொன்று, முந்தின இரவு 11.09க்கு உருவானது, முழு அதிகாரத்தோடும் திரையில் நுழையும் பாஸ்வேர்டோடும். நான் சாவியை மட்டும் மாற்றிவிட்டு “முடிந்தது காக்கா” என்று சொல்லியிருந்தால், அவர்கள் இந்த வாசலால் அன்றிரவே திரும்பி வந்திருப்பார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாவியைச் செயலிழக்க வைத்தாலும், அதைக் காட்டி முன்கூட்டியே எடுத்து வைத்த ஒருவகைத் தற்காலிக அனுமதி 36 மணி நேரம் வரை உயிரோடு இருக்கலாம். அது சாவியைப் பார்ப்பதில்லை, ஆளின் அதிகாரத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே எங்கள் பழைய ஆளின் மேலும் அவர்கள் உருவாக்கிய ஆளின் மேலும் “எல்லாம் மறுக்கப்படுகிறது” என்ற ஒரு கட்டளையை ஒட்டினேன். மறுப்பு எந்த அனுமதியையும் வெல்லும். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய் முதலில் குழுவை, பிறகு சேர்வரை அழித்தேன். முடிய 3.40 ஆயிற்று.

அன்றிரவு மறுபடி ஒருமுறை முழுதும் துழாவினேன். அப்போது அகப்பட்டது ஒரு ரோல், அதாவது அனுமதி உள்ளவர் தற்காலிகமாக எடுத்து அணியக்கூடிய அதிகாரத் தொகுப்பு. அதன் நம்பிக்கைப் பத்திரத்தில் எங்களுக்குத் தெரியாத ஒரு 12 இலக்கக் கணக்கு எண். அந்தக் கணக்கிலிருந்து யார் வேண்டுமானாலும் எங்கள் கணக்குக்குள் வரலாம் என்று எழுதியிருந்தது. முதல் தேடலில் அதை நான் தவறவிட்டிருந்தேன். யாராவது உங்கள் கணக்குக்குள் நுழைந்தால், ஆட்கள் பட்டியலோடு நிற்காதீர்கள். ரோல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அது யாரை நம்புகிறது என்று வாசியுங்கள்.

வழி எப்படித் திறந்தது

சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் மருதமுனைக்குப் போனேன். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, பெரியகல்லாறு என்று வழி நெடுக இதே யோசனை. சாவி எங்கிருந்து போனது? நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் யாரும் எதையும் போடவில்லை, அதை இரவே பார்த்துவிட்டேன்.

கடையின் பின்னறையில் சேர்வரின் பதிவேட்டைத் திறந்து வைத்தோம். நோன்புக்கால வடிவத்தைப் பரீட்சித்துப் பார்க்க வியாழன் இரவு ஒரு துணை முகவரி போடப்பட்டிருந்தது. போட்டது கடையில் பகுதிநேரமாக வேலை செய்யும் ஒரு தங்கச்சி, பல்கலைக்கழக மாணவி. 9.48க்கு அந்த முகவரிக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்கப்பட்டது. 9.53க்கு முன்பின் தெரியாத ஒரு முகவரியிலிருந்து ஒரு வரி: டாட் என்வ் கோப்பை, அதாவது சாவி இருந்த அந்த அமைப்புக் கோப்பை, கேட்கிறது. வழக்கமாக இந்த வரியின் முடிவில் 404 என்று இருக்கும், அப்படியொரு கோப்பு இல்லை என்று. தினமும் நூறு தடவையாவது வந்து போகும் வரிதான், கண் தானாகவே தாண்டிவிடும். இதில் மட்டும் 200 இருந்தது. கேட்டார்கள், கிடைத்தது.

லாரவெல் என்ற இணையத்தளக் கட்டமைப்பில் செய்த தளங்களைத் தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். வெளியே காட்ட வேண்டியது அதன் ‘பப்ளிக்’ அடைவை மட்டும். அமைப்பில் அந்த ஒரு சொல் விடுபட்டதால் முழு அடைவும் வெளியே தெரிந்தது. அதற்குள் டாட் என்வ், அதற்குள் சாவி.

“அண்ணன், அந்த முகவரி எங்க மூணு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதே” என்றார் தங்கச்சி. முகம் வெளிறிப் போயிருந்தது. நியாயமான கேள்வி. விடை அந்தச் சான்றிதழில் இருக்கிறது. உலாவிகள் நம்பும் சான்றிதழ்கள் எல்லாம் வழங்கப்படும் நேரத்திலேயே யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. மோசடிச் சான்றிதழைப் பிடிக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் புதுப் பெயர்களுக்காக அதே பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிரல்களும் இருக்கின்றன. 5 நிமிடத்தில் அவை கதவைத் தட்டியது அதனால்தான். பெயர் யாருக்கும் தெரியாது என்பதை ஒரு பூட்டாக எண்ணக்கூடாது.

இது எங்கள் கடையை யாரோ குறிவைத்த கதையும் இல்லை. 2024 ஆகஸ்டில் பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் அறிக்கையில், இதே டாட் என்வ் கோப்புகளைத் தேடி 1,10,000 இணையப் பெயர்களைத் துழாவிய ஒரு கும்பலைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அகப்பட்ட விவரங்களில் ஏறத்தாழ 7,000 கிளவுட் சேவைகளுக்கு உரியவை. அவர்கள் போன வழியும் இதுதான்: சாவி, புது ரோல், முழு அதிகாரம்.

மீதியை, கணக்கில் நடப்பதைக் குறித்து வைக்கும் அமேசனின் கிளவுட்ட்ரெயில் பதிவேடு சொன்னது. இதில் இரண்டு இடத்தில் நான் தடுமாறினேன். ஒன்று, நேரம் சர்வதேச நேரத்தில் இருக்கும், 5.30 மணி கூட்டிப் பார்க்க வேண்டும். மற்றது, அந்தப் பட்டியல் ஊருக்கு ஊர் தனித்தனி. மும்பையைத் திறந்து வைத்துக்கொண்டு “ஒன்றுமே நடக்கவில்லையே” என்று கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆட்களை உருவாக்கியது போன்ற வேலைகள் வேர்ஜீனியாப் பதிவில் இருந்தன. இரவு 11.07க்கு முதல் அழைப்பு, ‘நான் யார்’ என்று கேட்கும் அழைப்பு. திருடிய சாவி எந்தப் பூட்டுக்கு என்று பார்க்கிறார்கள். 11.09க்குப் புது ஆள். 11.41க்கு முதல் சேர்வர். இடையில் மின்னஞ்சல் அனுப்பும் வரம்பையும் பார்த்திருந்தார்கள். நாங்கள் ஓடரை வட்ஸ்அப்பில் உறுதி செய்வதால் அந்தச் சேவையைத் திறந்ததே இல்லை. திறந்திருந்தால் கடையின் பெயரில் மோசடி மின்னஞ்சல்கள் பறந்திருக்கும்.

அவர்கள் எழுப்பியது 16 ஊர்களில் ஊருக்கு 2 வீதம், ஒவ்வொன்றும் 16 வீ.சி.பி.யு. (மெய்நிகர் செயலி) கொண்ட சேர்வர்கள். கடை ஓடும் மும்பையை மட்டும் தொடவில்லை. அங்கே தொட்டால் யாராவது பார்ப்பார்கள். ஏன் இரண்டோடு நின்றார்கள்? எங்கள் கணக்கில் ஓர் ஊருக்கான வரம்பு 32 வீ.சி.பி.யு. அதைக் கூட்டித் தரும்படி கேட்டும் பார்த்திருந்தார்கள், கிடைக்கவில்லை. வேர்ஜீனியா விலையில் ஒரு சேர்வர் மணிக்கு 0.68 டொலர். 32க்கும் மணிக்கு ஏறத்தாழ 22 டொலர். 16 மணி நேரத்தில் 350 டொலர் போனது, நம் காசில் ஒரு லட்சம் ரூபா. மாதம் 45 டொலரைத் தாண்டாத கணக்கு இது. ஒரு மாதம் யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் 15,000 டொலரைத் தாண்டியிருக்கும். தறிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலிக் காசு அது.

வாடிக்கையாளர் விவரம்

காக்கா காசைப் பற்றி ஒருமுறைதான் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டது வேறு. “நம்பி அட்ரஸ் தந்த சனம் தம்பி. பொம்புளப் புள்ளையள்ற நம்பரெல்லாம் அதுக்குள்ள இரிக்கி. அத எடுத்துட்டாங்களா?”

தரவுத்தளம் அந்தச் சேர்வருக்குள்ளேயே மட்டும் பேசும்படி இருந்தது. பாஸ்வேர்ட் போனாலும் வெளியிலிருந்து தொட முடியாது. ஆனால் இரவு தோறும் எடுக்கும் பிரதி சேமிப்பகத்தில் இருந்தது, அதை அந்தச் சாவியால் இறக்கலாம். இறக்கினார்களா என்று பதிவேட்டில் பார்க்கப் போனால், சேமிப்பகத்திலிருந்து ஒரு கோப்பை எடுப்பதை கிளவுட்ட்ரெயில் தானாகப் பதிவதில்லை. அதை முன்கூட்டியே தனியாக இயக்கி வைக்க வேண்டும். நாங்கள் வைத்திருக்கவில்லை.

இந்த இடத்தில் கைகொடுத்தது பில். எத்தனை ஜி.பி. வெளியே போனது என்பதற்கு அமேசன் காசு எடுப்பதால், அதைத் துல்லியமாக எண்ணி வைத்திருக்கும். இணையத்துக்குப் போனது, மற்ற ஊர்களுக்குப் போனது என இரண்டையும் பார்த்தேன். பிரதிக் கோப்பு 2.1 ஜி.பி. அந்த இரண்டு நாளும் மும்பைச் சேமிப்பகத்திலிருந்து மொத்தமாகவே வெளியே போனது 0.4 ஜி.பி., வழக்கமாகக் கடைப்படங்கள் போகும் அளவு. மற்ற ஊர்களுக்குப் போனது ஒன்றுமில்லை. பிரதி முழுதாகப் போகவில்லை என்று காக்காவிடம் சொல்ல முடிந்தது. துண்டாகவும் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது, அதையும் சொன்னேன். அவர் வாடிக்கையாளர் எல்லோருக்கும் தகவல் அனுப்பினார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்க முன்பே, “சொல்றதுதான் முறை” என்றுவிட்டார்.

என்னை உறங்கவிடாதது வேறொன்று. ஆறு வருட ஓடரும், நெசவு வடிவங்களும், அவற்றின் பிரதியும் ஒரே கணக்கில், ஒரே சாவிக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசன் கணக்குக்குள் நுழைந்த ஒருவர் காசு கேட்டார். அவர்கள் கணக்கை மீட்கப் பார்த்ததும், தரவையும் பிரதிகளையும் சேர்த்தே அழிக்கத் தொடங்கினார். 12 மணி நேரத்துக்குள் அந்த நிறுவனமே இல்லாமல் போயிற்று. எங்களிடம் வந்தவர்கள் எங்கள் செலவில் சேர்வர்களை ஓடவிட்டு கிரிப்டோ எனும் இணைய நாணயம் தோண்ட வந்தார்கள். அழிக்க நினைத்திருந்தால் ஒரு கட்டளை போதும்.

எதை மாற்றினோம்

தங்கச்சி மறுபடி கேட்டார், “பிழை என்னிலதானே அண்ணன்?” இல்லை. ஒரு சொல் விடுபடுவது எல்லோருக்கும் நடக்கும், எனக்கும் நடக்கும். ஒரு சொல் விடுபட்டால் 32 சேர்வர் எழும்பும் என்றிருந்ததுதான் பிழை, அதைக் கண்டும் ஒரு வருடம் விட்டது நான். அவர் முன்னாலேயே காக்காவிடம் இதைச் சொன்னேன்.

பலர் முதலில் சொல்வது “இரண்டாம் படிக் காப்பைப் போடுங்கள்” என்பது. போட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் இந்த நிகழ்வை அது தடுத்திருக்காது. அந்தக் காப்பு மனிதர் நுழையும் வாசலுக்கு. நிரல் பயன்படுத்தும் ஆக்ஸஸ் கீயிடம் யாரும் ஆறு இலக்க எண் கேட்பதில்லை. ஆகவே நாங்கள் முதலில் செய்தது சாவியையே இல்லாமல் ஆக்கியது. சேர்வருக்கு ஒரு ரோல் கொடுத்தோம். அதற்கு வேண்டிய தற்காலிக அனுமதி தானாக வரும், சில மணி நேரத்தில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்கப்படும். டாட் என்வ் கோப்பில் எழுதி வைக்க ஒன்றுமில்லை. அந்த ரோலுக்கு உள்ள அதிகாரம், படம் இருக்கும் ஒரே அடைவில் படத்தைப் போடுவது.

ரோலைத் தருவதோடு வேலை முடியாது. சேர்வருக்குள் ஓடும் நிரலை ஏமாற்றி அந்தத் தற்காலிக அனுமதியைப் பிடுங்கலாம். 2019இல் கெப்பிட்டல் வன் வங்கியில் ஏறத்தாழ 10 கோடி அமெரிக்கர்களின் விவரம் போனது அந்த மாதிரி வழியால்தான். அதே வருடம் நவம்பரில் அமேசன் கொண்டுவந்த இரண்டாம் பதிப்பு மெட்டாடேட்டா சேவையை (அந்த அனுமதியைச் சேர்வருக்குள் கொடுக்கும் வாசல்) மட்டும் அனுமதிக்கும்படி சேர்வரை வைத்தோம். ஒரே ஒரு தெரிவுதான், இரண்டு நிமிட வேலை.

ரூட் இப்போது கடையின் பெயரில் உள்ள மின்னஞ்சலுக்கு மாறிவிட்டது. ஒரு ரூட்டுக்கு 8 காப்புக் கருவிகள் வரை பதியலாம். காக்காவின் போன் ஒன்று, ஒரு யு.எஸ்.பி. சாவி ஒன்று. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, அந்த யு.எஸ்.பி. சாவியோடு உறையில் போட்டு, கடை அலுமாரியில் காணி உறுதியோடு வைத்தார். தாளில் எழுதக்கூடாது என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. வருடத்தில் ஒருமுறை எடுக்கும் ரூட் பாஸ்வேர்டுக்கு இரும்பு அலுமாரியை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வட்ஸ்அப் குழுவில் கிடப்பதை விட ஆயிரம் மடங்கு மேல்.

பிரதி இப்போது வேறொரு கணக்குக்குப் போகிறது, 30 நாள் பூட்டோடு. அந்த 30 நாளுக்குள் ரூட்டால்கூட அழிக்க முடியாத வகைப் பூட்டு. மும்பையைத் தவிர மற்ற ஊர்களில் சேர்வர் எழுப்ப யாருக்கும் அனுமதி இல்லை. செலவு எச்சரிக்கையும் வைத்தோம். ஆனால் அது பிந்தி அடிக்கும் மணி, பில் விவரம் வந்து சேரவே 8 முதல் 12 மணி நேரம் ஆகலாம். அதனால் புது ஆள், புதுச் சாவி, புது ரோல் உருவானால் உடனே மூன்று பேருக்கும் தகவல் வரும்படி தனியாக வைத்தோம். பரீட்சித்துப் பார்க்க ஒரு ஆளை உருவாக்கினேன். இரண்டு நிமிடத்துக்குள் காக்காவின் போன் சிணுங்கியது. “ஆர் தம்பி இது?” என்று உடனே கேட்டார்.

காசு விஷயத்தில், அமேசனுக்கு எழுதிய முறைப்பாட்டில் மேலே சொன்ன நேரங்களையும் எடுத்த நடவடிக்கைகளையும் அப்படியே கொடுத்தோம். மூன்று வாரத்தில் பெரும்பகுதியைக் கழித்துத் தந்தார்கள்.

ஞாயிறு வீடு வந்ததும் நான் பார்க்கும் மற்ற மூன்று கணக்குகளையும் திறந்தேன். இரண்டில் இதே போல முழு அதிகாரச் சாவி. அன்றைக்கே இரண்டையும் எடுத்தேன், ஒன்றில் படம் ஏறுவது ஒரு மணி நேரம் நின்றது, சமாளித்தோம். மற்றதில் ஒன்றும் நிற்கவில்லை. 2019இல் உருவாக்கிய சாவி அது. கடைசியாக எப்போது பயன்பட்டது என்று காட்டும் இடத்தில் திகதியே இல்லை. ஒருநாளும் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.